அவசரம் பார்த்த வண்டி

மெக்கானிக்குக்கு அந்தத் தெருவில் 'அவசரம்' என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்தது. அது அவருடைய லைசென்ஸோடு சரி. ஒரு நட்டைக் கழற்றுவதற்கு முன்னால் ஒரு டீ குடித்து முடிக்கிற நேரம் அதையே உற்றுப் பார்க்கிற மனுஷனுக்கு வேறு எந்தப் பெயரும் ஒட்டவில்லை. காத்திருந்து வெறுத்துப்போன யாரோ வயிற்றெரிச்சலில் வைத்தது அது. வைத்தவரை எல்லோரும் மறந்துவிட்டார்கள், பெயர் நின்றுவிட்டது.

புதன்கிழமை காலையில் அவர் டெய்லரம்மா வீட்டுக்கு வந்தார். வீட்டை ஒட்டித் தகரக் கூரை போட்ட கொட்டகை. அதில் மூக்கு தெருவைப் பார்க்க, பின்பக்கம் சுவரை ஒட்ட, பச்சைக் கார் ஒன்று மூன்று வருஷமாக நின்றுகொண்டிருந்தது. நிற்கிற இடத்தை வீணாக்குவானேன் என்று டெய்லரம்மா அதன் தலையில் வெட்டுத்துணி மூட்டைகளை ஏற்றி வைத்திருந்தாள். அவசரம் அவற்றை ஒவ்வொன்றாக இறக்கி வைத்தார். பிறகு காரைச் சுற்றி வந்தார். பிறகு இன்னொரு முறை சுற்றி வந்தார்.

"சாவி குடுக்கட்டுமா தம்பி?" என்றாள் டெய்லரம்மா.

"சாவி எதுக்குக்கா இப்போ?"

"ஸ்டார்ட் பண்ணிப் பாக்க வேண்டாமா?"

"மூணு வருஷமாத் தூங்கறவனை எழுப்பணும்னா மூஞ்சில தண்ணிய ஊத்துவீங்களா? மொதல்ல கூப்பிட்டுப் பாக்கணும். டீ இருக்கா?"

டீ இருந்தது. பொறுமைதான் இல்லை. "தம்பி, ஞாயித்துக்கிழமைக்குள்ள ஓடணும்."

"எந்த ஞாயித்துக்கிழமை?"

"இந்த ஞாயித்துக்கிழமைதான்!"

அவசரம் "ம்" என்றார். அந்த 'ம்'முக்கு என்ன அர்த்தம் என்று தெரியாமலே அவள் டீ கொண்டுவரப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை மகள் வருகிறாள். வெளியூரிலிருந்து வேன் பிடித்துக்கொண்டு, அம்மாவையும் அப்பாவையும் கையோடு அழைத்துப் போக வருகிறாள். மூன்று வருஷத்துக்கு முன்னால் அந்த மகளுடைய பிரசவத்துக்காகத்தான் இருவரும் நாலு மாதம் அவளோடு போய் இருந்தார்கள். கார் அன்றைக்கு நின்றதுதான். கிளம்புகிற காலையில், பிறக்கப்போகிற குழந்தைக்குச் சட்டை தைக்க எடுத்து வைத்திருந்த மஞ்சள் துணியைக் காணவில்லை என்று டெய்லரம்மா வீட்டையே புரட்டிப் போட்டாள். "எம் மேஜையில கை வைக்காதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது" என்று புருஷனைப் பிடித்துக் கத்தினாள். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

திரும்பி வந்த மூன்றாம் நாள், முகச் சவரம் செய்துகொண்டிருந்தவர் கண்ணாடிக்கு முன்னாலேயே சரிந்தார். வலது கை, வலது கால், பேச்சு மூன்றும் ஒரே நேரத்தில் போயின. கால் பாதி திரும்பி வந்தது. பேச்சில் இரண்டே சொற்கள் திரும்பின. 'சரி', 'இல்ல'. அவையும் இடம் மாறி வந்தன. டீ வேண்டுமா என்று கேட்டால் "இல்ல" என்று சொல்லிக்கொண்டே இடது கையை நீட்டுவார். நாற்பது வருஷம் பஸ் டிப்போவில் ஸ்டோர் கீப்பராக இருந்தவர். ஒரு வாஷர் குறைந்தாலும் ராத்தூக்கம் வராத மனிதர். அவரை இன்றும் தெருவில் 'ஸ்டோர்க்காரர்' என்றுதான் சொல்வார்கள். தலைக்குள் எல்லாமே அடுக்கின இடத்தில் அப்படியே இருக்கிறது, கதவுதான் திறக்கவில்லை என்பது டெய்லரம்மாவின் கட்சி. மகள் அதை நம்பவில்லை.

"அவருக்கு ஒண்ணும் புரியலம்மா," என்று போன வாரம் போனில் சொன்னாள். "நீயாப் புரியுதுன்னு நெனச்சுக்கிட்டு ஒடம்பைக் கெடுத்துக்கிறே."

"பேச்சுப் பயிற்சிக்கு வாரத்துல ரெண்டு நாள் கூட்டிட்டு வாங்கன்னு ஆஸ்பத்திரில சொன்னாங்களே. தொடர்ந்து வந்தா நல்லா வரும்னாங்க."

"போனியா? ரெண்டு பஸ் மாறி, படியில அவரு விழுந்து, அதோட நின்னுபோச்சு. இங்க வாங்க, நான் பாத்துக்கறேன். அந்தக் காரையும் பழைய இரும்புக்காரன்கிட்ட சொல்லி எடுத்துறலாம்."

"அது ஓடுச்சுன்னா? நானே ஓட்டிட்டுப் போவேன். எங்கிட்ட லைசென்ஸ் இருக்கு."

மறுமுனையில் மகள் பெருமூச்சு விட்டது கேட்டது. கெட்ட பெண் அல்ல. சின்னக் குழந்தையையும் வேலையையும் வைத்துக்கொண்டு தினமும் தவறாமல் போன் செய்கிறவள், களைத்துப் போயிருந்தாள். "சரிம்மா. ஓடட்டும். ஓடுச்சுன்னா உன் இஷ்டம்" என்றாள், ஓடாது என்கிற தைரியத்தில்.

புதன்கிழமை முழுக்க அவசரம் பழைய பெட்ரோலை இறக்கினார். வார்னிஷ் வாடை அடித்தது. அதை டப்பாக்களில் பிடித்து மூடி ஓரமாக வைத்தார். ஸ்டோர்க்காரர் கொட்டகையைப் பார்த்த சமையலறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மதியம் பானெட் திறந்தபோது அவருடைய முகம் ஏதோ செய்தது. உதடு கோணிக் கோணி, கடைசியில் ஒரு சத்தம் வெளியே விழுந்தது.

"து... ணி."

உள்ளே கத்தரிக்கோல் கீழே விழுந்தது. டெய்லரம்மா ஓடி வந்தாள். இத்தனை வருஷத்துக்குப் பிறகு ஒரு புதுச் சொல்!

"என்னங்க? என்ன சொன்னீங்க? இன்னொரு தரம் சொல்லுங்க!"

"துணி."

டெய்லர் வீட்டில் துணி என்றால் ஒரே அர்த்தம்தான். அடுத்த வாரம் பள்ளிக்கூடம் திறக்கிறது. மேஜையில் இருபத்து மூன்று சட்டைக்கான துணி வெட்டாமல் கிடக்கிறது. இந்தக் கார் விவகாரத்தில் வேலையை விட்டுவிட்டோமே என்று அவர் கவலைப்படுகிறார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஆமாங்க, சட்டைத் துணி அப்படியே கெடக்கு. இன்னைக்கே வெட்டிர்றேன்" என்றாள்.

"இல்ல!" என்று அவர் நாற்காலிக் கையில் ஓங்கி அடித்தார். அவருடைய 'இல்ல'வுக்கு 'ஆமா' என்றும் அர்த்தம் உண்டு என்பதால் அவள் சமாதானமாகி வெட்டப் போனாள். சாயங்காலம் போனில் மகளுக்கு மூச்சு விடாமல் சொன்னாள். "சுத்திச் சுத்தித் துணிதானேம்மா கெடக்கு, கண்ணுல பட்டதைச் சொல்லியிருப்பாரு" என்றாள் மகள்.

வியாழக்கிழமை மழை. தகரத்தில் விழுந்த சத்தத்தில் பக்கத்தில் நின்று பேசுவதற்கே தொண்டையைக் கிழிக்க வேண்டியிருந்தது. அவசரம் நாலு பிளக்கையும் கழற்றி, ஓட்டைகளில் சொட்டுச் சொட்டாக எண்ணெய் விட்டு ஊற வைத்தார். ஊறுகிற நேரத்தில் கார்புரேட்டரைப் பிரித்துப் பழைய துணியொன்றில் பரப்பினார். கழற்றிய வரிசையிலேயே இடமிருந்து வலமாக அடுக்கியிருந்தார். உள்ளே தேன் நிறத்தில் பசை கட்டியிருந்தது. அவர் ஒரு சின்னப் பித்தளைத் துண்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். அதன் நடுவில் தலைமயிர் கனத்துக்கு ஓர் ஓட்டை, அதுவும் அடைத்திருந்தது.

"இதுவழியாத்தான் பெட்ரோல் போகணும்," என்றார்.

"ஊசி தரட்டுமா? எங்கிட்ட இருக்கறதுலேயே மெலிசு ஒண்ணு இருக்கு."

"ஐயோ, ஊசி ஆகாது. ஓட்டை நூலளவு பெருசாச்சுன்னா வண்டி காலம் பூரா இருமிக்கிட்டே கெடக்கும். நூல் குடுங்க. நைலான் நூல். எனக்குக் கண்ணு பத்தாது, நீங்களே கோத்துருங்க."

டெய்லரம்மா மண்ணெண்ணெயில் ஊறின அந்தத் துண்டை வாங்கி, நூல் முனையை வாயில் வைக்கப் போய், வாடையில் முகம் சுளித்து, விரலாலேயே முறுக்கினாள். ஒரே வீச்சில் நூல் மறுபக்கம் வந்தது. இப்படியும் அப்படியும் இழுக்க இழுக்கப் பசை கரைந்து ஓட்டை பளிச்சென்று தெரிந்தது.

"பாருங்க! முப்பது வருஷமா இந்த வேலை பண்றேன், எனக்கு அரை நாள் ஆவுமே!" என்றார் அவசரம். அவள் உள்ளுக்குள் பூரித்துப் போனாள்.

மழை விட்டதும் அவர் என்ஜினில் ஸ்பானரை மாட்டிக் கையாலேயே திருப்பினார். அசையவில்லை. திட்டவில்லை, உதைக்கவில்லை. கையை அதிலேயே வைத்துக்கொண்டு நின்றார். இன்னும் கொஞ்சம் எண்ணெய் விட்டார். டீ குடித்தார். மறுபடி கையை வைத்து, இந்தப் பக்கம் ஓர் எள்ளளவு, அந்தப் பக்கம் ஓர் எள்ளளவு என்று கெஞ்சிக் கெஞ்சி அசைத்தார். சட்டென்று 'ஹ்ஹா' என்று மூச்சு விட்டதுபோல உள்ளே ஏதோ இளகி, முழுச் சுற்றும் வந்தது. அப்போதுதான் டெய்லரம்மாவுக்குப் புரிந்தது: முதல் நாளே சாவியைத் திருகியிருந்தால் ஏதாவது ஒன்று உடைந்திருக்கும். அந்தப் பெயரை வைத்தவர் மட்டும் எதிரில் வந்தால் நாலு கேள்வி கேட்டிருப்பாள்.

வெள்ளிக்கிழமை அவர் காருக்கு அடியில் கிடந்தார். எலி கடித்த வயர்களை மாற்றினார், பெட்ரோல் குழாயை மாற்றினார். முட்டுக் கொடுத்திருந்த செங்கற்களை, சக்கரங்களைச் சுழற்றிப் பார்ப்பதற்காக எடுத்தார், பார்த்து முடித்ததும் திரும்ப வைத்தார். புது பேட்டரி தூக்கி வந்தவர், பழைய வயர் முனையைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றார்.

"அக்கா, இந்த வண்டிய யாரு நிறுத்துனது?"

"அவருதான். ஏன், என்னாச்சு?"

"ஹேண்ட்பிரேக் போடல. போட்டிருந்தா இந்நேரம் பிரேக் எல்லாம் கவ்விக்கிட்டு இருக்கும். அதுக்குப் பதிலாச் செங்கல். டேங்க்கை ரொப்பி வச்சிருக்காரு, துருவே இல்ல. பேட்டரி வயரைக் கழட்டிக் கிரீஸ் தடவி, பாலித்தீன் சுத்தி நூலால கட்டியிருக்காரு. கம்பெனிக்காரன்கூட இப்படி நிறுத்த மாட்டான்." அவர் கையைத் துடைத்துக்கொண்டு நேரே வாசலுக்குப் போனார். "அண்ணே, கையைக் குடுங்க."

ஸ்டோர்க்காரர் இடது கையைக் கொடுத்தார். அவசரம் அதை இரண்டு கையாலும் பிடித்துக் குலுக்கினார். மூன்று வருஷத்தில் அவரிடம் வந்து, அவர் முகத்தைப் பார்த்து, வேலையைப் பற்றிப் பேசின முதல் ஆள் இவர்தான். வருகிற எல்லோரும் "எப்படி இருக்காரு?" என்று டெய்லரம்மாவிடம்தான் கேட்பார்கள்.

"துணி," என்றார் ஸ்டோர்க்காரர். கண் கலங்கியிருந்தது.

"ஐயோ, பாத்தீங்களா தம்பி! உங்க கை கறையா இருக்குன்னு சொல்றாரு!" என்று டெய்லரம்மா பாய்ந்து போய் ஒரு வெட்டுத்துணியை எடுத்து அவசரத்திடம் கொடுத்தாள். ஸ்டோர்க்காரர் கண்ணை மூடிக்கொண்டார். அவசரம் துணியை வாங்கிக் கையைத் துடைத்தார், ஆனால் ஸ்டோர்க்காரரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை சாவியைக் கேட்டார்.

தெருவில் நாலைந்து பேர் கூடிவிட்டார்கள். என்ஜின் சுற்றியது, உறுமியது, ஒரு இருமல், இன்னொரு இருமல், செத்தது. மறுபடி. இருமி, செத்தது. பிளக்கைக் கழற்றிப் பார்த்தார், நெருப்பு நீலமாக வந்தது. பெட்ரோல் வந்தது. காற்றுப் போகிற வழியும் சுத்தம். சாயங்காலம் வரை எல்லாவற்றையும் முதலிலிருந்து பார்த்தார். பொழுது சாய்கிற நேரத்தில் தெரு கலைந்தது. டெய்லரம்மாவும் அவசரமும் ஒரு ரொட்டியைப் பிய்த்து, ஆளுக்கு ஒரு அவித்த முட்டையோடு தின்றார்கள்.

"எல்லாம் சரியாத்தான் இருக்குக்கா. அதான் எனக்குப் பயமா இருக்கு," என்றார் அவசரம்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கெல்லாம் மகள் வந்துவிட்டாள். குழந்தையை வீட்டில் விட்டுவிட்டுத் தனியாக வந்திருந்தாள். வேன் தெருமுனையில் நின்றது. அப்பாவின் சட்டைக் காலரைச் சரிசெய்து, நெற்றியில் ஒரு முத்தம் கொடுத்துவிட்டு, "சாப்பிட்டாராம்மா?" என்று அம்மாவிடம் கேட்டாள். பிறகு கொட்டகையை எட்டிப் பார்த்தாள். "என்ன, ஓடுதா?"

அவசரம் அவளிடமிருந்து ஒன்றையும் மறைக்கவில்லை. "வால்வு ஒட்டிக்கிட்டிருக்கும்னு தோணுதும்மா. என்ஜினைப் பிரிக்கணும். பத்து நாள் ஆவும்."

டெய்லரம்மா வெட்டுத்துணி மூட்டையின்மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"அம்மா, போதும்மா. நீ செஞ்சவரைக்கும் போதும்." மகள் அவள் தோளில் கை வைத்தாள். "துணிமணியெல்லாம் எடுத்து வைக்கலாம் வா."

"துணி!" என்றார் ஸ்டோர்க்காரர் நாற்காலியிலிருந்து.

"பாரு, நான் சொன்னதைத் திருப்பிச் சொல்றாரு. அவ்வளவுதாம்மா."

"துணி! துணி!" அவர் எழப் பார்த்தார். கைத்தடி சரிந்து விழுந்தது. டெய்லரம்மா பதறி ஓடி, குளிருகிறது போலிருக்கிறது என்று ஒரு துண்டை எடுத்து அவர் மடியில் போர்த்தினாள். மகள் தண்ணீர் கொண்டுவந்தாள். "சட்டை மாத்தணுமாம்மா? ஈரமா இருக்கா பாரு." "என்னங்க, போர்வை வேணுமா? தையல் துணியா? எல்லாம் தச்சாச்சுங்க!" ஆளாளுக்குக் கேட்கக் கேட்க அவர் முகம் சிவந்துகொண்டே போனது.

அவசரம் ஸ்பானரைக் கீழே வைத்தார். வந்து அவருக்கு எதிரில் தரையிலேயே சப்பணம் போட்டு உட்கார்ந்தார்.

"கொஞ்ச நேரம் யாரும் பேசாதீங்க," என்றார். பிறகு, "அண்ணே. எந்தத் துணி?"

கேட்டுவிட்டுப் பேசாமல் இருந்தார். டெய்லரம்மா வாயைத் திறந்தபோது திரும்பிப் பார்க்காமலே கையை உயர்த்தித் தடுத்தார். வியாழக்கிழமை அந்த ஸ்பானரில் கையை வைத்துக்கொண்டு நின்றாரே, அதே பொறுமை. கூரையில் மிச்சமிருந்த மழைத் தண்ணீர் சொட்டியது. மகள் கடிகாரத்தைப் பார்த்தாள். அவசரம் அசையவில்லை. அவருக்குப் போக வேண்டிய இடம் என்று இந்த உலகத்தில் ஒன்றுமே இல்லை.

ஸ்டோர்க்காரரின் மூச்சு மெதுவாகத் தணிந்தது. அவர் மடியில் கிடந்த துண்டைப் பார்த்தார். பக்கத்து முக்காலியில் குடித்துவிட்டு வைத்த டீ கிளாஸைப் பார்த்தார். இடது கையால் துண்டின் முனையை எடுத்து, கிளாஸுக்குள் விட்டு, கட்டைவிரலால் குத்திக் குத்தி உள்ளே திணித்தார். வாய் அடைகிறவரை திணித்தார்.

"துணி," என்றார். பிறகு கையைத் தூக்கிக் காரின் பின்பக்கத்தைக் காட்டினார்.

அந்தத் தெருவின் சரித்திரத்தில் அவசரம் ஓடியது அன்றைக்குத்தான். சுவருக்கும் காருக்கும் நடுவில் உடம்பைச் செருகி, சைலன்சர் குழாய்க்கு முன்னால் மண்டியிட்டு, கம்பியை வளைத்து உள்ளே விட்டார். ஒரு முழம் போயிற்று. முறுக்கி இழுத்தார். கருகருவென்று ஒரு சுருணை வந்து விழுந்தது, நூலால் இறுக்கிக் கட்டின சுருணை.

"எலி பூந்துரக் கூடாதுன்னு அடைச்சிருக்காரு! குச்சி விட்டு அடியாழம்வரை அடைச்சிருக்காரு! நான் நாலு நாளா மூஞ்சிக்கு வைத்தியம் பாத்துக்கிட்டிருக்கேன்!"

டெய்லரம்மா அந்தச் சுருணையைக் கையில் வாங்கினாள். நூலை அறுத்துப் பிரித்தாள். மேல்மடிப்புகளில் கரி. உள்ளே பிரிக்கப் பிரிக்க மஞ்சள், மூன்று வருஷத்துக்கு முந்தைய அதே மஞ்சள். அவள் அதை முகத்தோடு வைத்துக்கொண்டு, மகள் பார்க்கிறாளே என்றுகூடக் கூச்சப்படாமல் ஓவென்று அழுதாள். "இதைச் சொல்ல வந்தவரைத்தான் அன்னைக்குப் பேச விடாம அடிச்சேன். இப்பவும் நாலு நாளாச் சொன்னாரே. நாலு நாளா நான் காதுல வாங்கலியே."

மகள் அப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அவசரம் சாவியைத் திருகினார். ஒரு இருமல், பின்னால் கரும்புகை குப்பென்று வந்து சுவரில் அடித்தது, அப்புறம் பச்சைக் கார் உடம்பு முழுவதும் உதற, தகரக் கூரை அதிர, நின்று ஓடியது. இருமவில்லை, திக்கவில்லை. தெருவே ஓடி வந்தது.

"அக்கா, நீங்க ஏறுங்க," என்று அவசரம் இறங்கிக் கதவைப் பிடித்துக்கொண்டார்.

டெய்லரம்மா கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். பத்து வருஷத்துக்குப் பிறகு ஸ்டியரிங்கைப் பிடிக்கிறாள். மகளும் அவசரமும் ஸ்டோர்க்காரரைத் தாங்கிக் கூட்டி வந்து முன்சீட்டில் உட்கார வைத்தார்கள். அவள் கிளட்சை அமுக்கி, கியரைப் போட்டாள்.

"இல்ல," என்றார் ஸ்டோர்க்காரர்.

"என்னம்மா, பயப்படறாரா? இறக்கிரலாமா?" என்றாள் மகள்.

டெய்லரம்மா கியரை எடுத்தாள். கால் எது, கை எது என்று தெரியாத பதற்றத்திலும், நாக்கு நுனியில் நாலு கேள்வி நின்றும், ஒன்றையும் கேட்கவில்லை. ஸ்டியரிங்கில் கையை வைத்துக்கொண்டு அவரையே பார்த்தபடி காத்திருந்தாள். அவருடைய இடது கை எழும்பி, தோளுக்கு மேலே போய், கட்டைவிரல் பின்னால் காட்டியது. அவள் பக்கத்துப் பின்சக்கரம்.

மகள் போய்க் குனிந்து பார்த்தாள். சக்கரத்துக்கு முன்னால் செங்கல், வெள்ளிக்கிழமை திரும்ப வைத்ததில் எடுக்காமல் விட்ட ஒன்று, அப்படியே இருந்தது.

அவசரம் தலையில் அடித்துக்கொண்டார். "அவசரப்பட்டேன் பாருங்க! அண்ணே ஒக்காந்த எடத்துல இருந்து ஒண்ணொண்ணாக் கணக்கு வச்சிருக்காரு. ஸ்டோர்க்காரருன்னா சும்மாவா!"

மகள் நல்ல உடுப்போடு அந்தப் புழுதியில் மண்டியிட்டுச் செங்கல்லை உருவினாள். அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு எழுந்து, சுற்றி வந்து, அப்பாவின் ஜன்னலுக்கு நேரே நின்றாள். மூன்று வருஷமாக அவரைப் பற்றி எத்தனையோ பேசியிருக்கிறாள். அவரிடம் ஒன்றும் கேட்டதில்லை.

"அப்பா," என்றாள். "இப்போ போலாமாப்பா?"

கேட்டுவிட்டு, அவளும் காத்திருந்தாள்.

என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. அவர் முகம் கோணி, நேராகி, மறுபடி கோணியது. மகளுடைய கையிலிருந்த செங்கல்லைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

"சரி," என்றார்.